சாம்பல் கல்லின் பூர்வீகம்

கேள்வி: எங்கள் புது வீட்டுத் திண்ணை, சமையல் மேடை, புத்தக அலமாரி எல்லாம் சாம்பல் நிறக் கல்லில் கட்டியவை. கொத்தனார் ‘ஃபிளை ஆஷ் கல்’ என்கிறார். இது எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: பெரும்பாலும் உங்களுக்குப் பக்கத்திலிருந்தே வந்திருக்கும், நெய்வேலியிலிருந்து. 1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ தென்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956இல் அதை வெட்டியெடுக்க நிறுவனம் அமைந்தது. அதை எரித்து 1962இல் மின்சாரம் வந்தது, கூடவே சாம்பலும். கனமான சாம்பல் கொதிகலன் அடியில் விழுந்துவிடும். மாவு போன்றது புகையோடு மேலே பறக்கும். மின்னூட்டிய தகடுகளில் அதைப் பிடித்துச் சேர்க்கிறார்கள். பறந்த சாம்பல் என்பதால்தான் அந்தப் பெயர்.

சாம்பலைக் கல்லாக்கும் வித்தை பழையது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்துக் கட்டினார்கள்; ரோமில் பாந்தியன் கோயிலின் கவிகை 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. சாம்பலில் உள்ள சிலிக்கா, ஈரத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். மின்நிலையச் சாம்பலுக்கும் அதே குணம் உண்டு என்று 1937இல் அமெரிக்காவில் ஆராய்ந்து சொன்னார்கள். பிறகு மொன்டானாவின் ஹங்க்ரி ஹார்ஸ் அணையில் அதைக் கொட்டிக் கட்டினார்கள். நம் ஊரில் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், கிரஷர் தூள் கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். விசாகப்பட்டினத்து ஆய்வாளர்கள் பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் இந்தச் சேர்க்கையைப் பரப்பியவர்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம்.

1999 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்பவர்கள் மண்ணோடு குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கடலூரும் சிதம்பரமும் நெய்வேலிக்கு அந்தத் தொலைவுக்குள்தான். எனக்கு இதில் பிடித்த விஷயம் மண் மிஞ்சுவது. ஒரு சூளைச் செங்கலுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ மண் போகிறது. அது நெல் விளைய வேண்டிய வண்டல். ஆனால் சாம்பல் கொட்டுகிற இடத்தில் மூக்கை மூடத் துணிகூட இல்லாமல் நிற்கும் தொழிலாளரைப் பார்த்தால் மனம் பதறுகிறது. முகக்கவசம் கொடுத்தே ஆக வேண்டும்.

கல்லின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அச்சுக் கல் என்பதால் விரலைக் கீறுகிற மாதிரி நேராக இருக்கும். பூச்சும் குறைவாகவே பிடிக்கும். விரலில் தூள் ஒட்டினால் சரியாக நீராட்டாத கல். இனி கட்டும்போது, எத்தனை நாள் தண்ணீர் தெளித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.