காற்று வீசினால் மாசு போய்விடுமா?

நகரத்தில் காற்று மாசு என்றதும் வாகனப் புகையையும் ஆலைப் புகைபோக்கிகளையும் பற்றித்தான் பேசுகிறோம். அந்தப் புகை எவ்வளவு உயரம் ஏறுகிறது, எங்கே தேங்குகிறது என்று கேட்பதில்லை. அதற்குப் பதில் சொல்லும் கருவிதான் லைடார். லேசர் துடிப்புகளை வானில் செலுத்தி, சிதறித் திரும்பும் ஒளியைப் படிப்பது அதன் வேலை. இதைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: நகரத்துக் காற்றை அறிய மொட்டைமாடியில் ஒரு காற்றுமானி போதும்.

உண்மை: அது அந்த மாடிமேல் வீசும் காற்றைத்தான் சொல்லும். கட்டடங்கள் காற்றைத் தடுக்கின்றன, திருப்புகின்றன, சுழற்றுகின்றன. லைடார் நின்ற இடத்திலிருந்தே பல நூறு மீட்டர் உயரம் வரை காற்றை அடுக்கடுக்காக அளக்கும். 2003 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர மையத்தில் ஒரு தடங்காட்டி வாயுவை வெளியிட்டு, அது தெருக்களில் பரவும் விதத்தை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வில் காற்றின் வேகத்தை அளக்கும் டாப்ளர் வகை லைடார்களும் பயன்பட்டன.

நம்பிக்கை: லேசர் ஒளி காற்றில் மோதித் திரும்புகிறது.

உண்மை: டாப்ளர் லைடார்கள் பெரும்பாலும் படிப்பது, காற்றோடு மிதக்கும் தூசியிலும் புகைத்துகளிலும் பட்டுச் சிதறிய ஒளியை. அது ஒரு மைக்ரோவினாடியில் திரும்பினால், துகள் சுமார் 150 மீட்டர் தொலைவில் இருக்கிறது. துகள் கருவியை நோக்கி வந்தால் ஒளியின் அதிர்வெண் கூடும், விலகிப் போனால் குறையும். 1.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு ஏற்படும் மாற்றம் சுமார் 13 லட்சம் ஹெர்ட்ஸ். துகள்கள் மிகக் குறைந்த தூய காற்றில் இந்தக் கருவிக்குச் சமிக்ஞை கிடைப்பதே கடினம்.

நம்பிக்கை: காற்று வீசினால் மாசு கலைந்துவிடும்.

உண்மை: எப்போதும் அப்படி நடப்பதில்லை. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய தெருவுக்குக் குறுக்காகக் காற்று வீசினால், உள்ளே ஒரு சுழல் உருவாகும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துக் கட்டட ஓரத்தில் அந்தச் சுழல் புகையைக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே நடப்பவர்தான் அதிக நச்சைச் சுவாசிக்கிறார்.

காற்று எவ்வளவு உயரம் வரை கலக்கிறது என்பதும் முக்கியம். அந்த உயரம் பாதியானால், அதே அளவு புகை ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தியாகும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோல நின்றுவிட்டது. நிலக்கரிப் புகை கீழேயே அடைபட்டு, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 2007இல் அதே நகரத்தில் லைடாரையும், பி.டி. (BT) கோபுரத்தில் 190 மீட்டர் உயரத்தில் வைத்த கருவிகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். சில இரவுகளில் கலப்பு அடுக்கு அந்த உயரத்துக்கும் கீழே இறங்கி, தெருப் புகை கோபுரக் கருவிகளை எட்டாமலே போனது.

நம்பிக்கை: பிஎம் 2.5 என்ற நுண்துகள்களின் அளவை லைடார் நேரடியாகக் காட்டிவிடும்.

உண்மை: அது காட்டுவது சிதறிய ஒளியின் வலிமையைத்தான். ஈரப்பதம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, மாசு கூடாமலே ஒளியை அதிகம் சிதறடிக்கும். மூடுபனியும் தாழ்ந்த மேகமும் லேசரை மறைக்கும். அதனால் தரை நிலையங்களின் அளவீடு எப்போதும் தேவை.

நம்பிக்கை: வானில் பாய்ச்சும் லேசர் கண்ணைக் கெடுக்கும்.

உண்மை: காற்றளக்கும் லைடார்கள் பலவும் பயன்படுத்தும் 1.5 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, கண்ணின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்படுகிறது. விழித்திரையை எட்டாது. பாதுகாப்பு வரம்புக்குள் இயங்கும்படியே அவற்றை வடிவமைக்கிறார்கள்.

தரை நிலையம் எவ்வளவு மாசு என்று சொல்லும், லைடார் அது ஏன் தேங்குகிறது என்று சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் நகரம் சரியாக முடிவெடுக்க முடியும். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோயால் பாதிக்கப்பட்ட ஹாங்காங், பெரிய கட்டுமானத் திட்டங்கள் காற்றோட்டத்தை எப்படிப் பாதிக்கும் என்று மதிப்பிடும் முறையை 2006இல் கொண்டுவந்தது. சாலைக்கும் குடிநீருக்கும் திட்டம் போடும் ஒவ்வொரு நகரமும், காற்று நுழைந்து வெளியேறும் வழிக்கும் திட்டம் போட்டாக வேண்டும்.