குளவிக் கொட்டும் இனிப்பு நீரும்



செம்பனைக் காட்டில் குளவி கொட்டி, உடம்பு தடித்து மூச்சு முட்டினால் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். இனிப்பு நீர்க்காரர்களும் அதற்குத் தயங்கக் கூடாது. சர்க்கரை சற்று ஏறி, சீக்கிரம் இறங்கிவிடும்.

பிறகு சில நாளைக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரையில்தான் கவனம் தேவை. காலையில் சாப்பிட்டால் மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரை ஏறும். காலையில் மட்டும் சோதித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று இருந்துவிடாதீர்கள்.

1. இனிப்பு நீர் இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

2. சாயங்காலமும் சோதியுங்கள்.

3. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

4. தாகத்துக்கு வெறும் தண்ணீர் குடியுங்கள்; சீனி போட்ட தேத்தண்ணி வேண்டாம்.

5. தீராத தாகம், வாந்தி, அசதி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரெட்னிசொலோன் முடிந்ததும் சர்க்கரை இறங்கும். இடையில் இன்சுலினைக் கூட்டியிருந்தால், குறைப்பது பற்றி அன்றே கேளுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும்.