கடலை நோக்கிய வெள்ளை வீடு

வீட்டை அழகுபடுத்துதல் என்றவுடன் பலரும் வண்ணங்களைக் கூட்டுவதையே நினைக்கின்றனர். குறைப்பதும் ஒரு கலை என்பதை, பிரான்சு நாட்டின் தென்கரையில் நிற்கும் ஒரு சிறிய வீட்டைப் பற்றிப் படித்தபோதுதான் நான் உணர்ந்தேன். கட்டடக் கலை பயில்வோர் அதனை 'இ-1027' என்பர். சிறைக் கைதியின் எண்ணைப் போல ஒலிக்கும் இப்பெயர் உண்மையில் ஒரு நட்பின் முத்திரை. 'இ' என்பது ஐலீன் என்ற பெயரின் முதலெழுத்து. 10, 2, 7 என்பன ஆங்கில நெடுங்கணக்கின் பத்தாம், இரண்டாம், ஏழாம் எழுத்துக்களைக் குறிக்கும். ழான், பதோவிச்சி, கிரே ஆகிய பெயர்கள் அவ்வெழுத்துக்களில் தொடங்குவன.

ஐலீன் கிரே 1878-இல் அயர்லாந்தில் பிறந்தார். இலண்டனில் ஓவியம் பயின்றார். பின்னர் பாரிசில் குடியேறி, சுகவரா என்னும் சப்பானியக் கலைஞரிடம் அரக்குப் பூச்சு வேலை கற்றார். ஒரு படலம் பூசி, அது உலரும்வரை காத்திருந்து, தேய்த்து, மீண்டும் பூசும் அத்தொழில் மிகுந்த பொறுமையைக் கேட்பது. கட்டடக் கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். ஆயினும் தம் நாற்பத்தெட்டாம் வயதளவில், நண்பரும் கட்டடக் கலை இதழாசிரியருமான ழான் பதோவிச்சிக்காக முதல் வீட்டை எழுப்பத் தொடங்கினார். 1926 முதல் 1929 வரை வேலை நடந்தது. மொனாக்கோவுக்கும் மாந்தோனுக்கும் இடையிலுள்ள ரோக்புரூன் காப் மார்த்தேன் என்னும் ஊரின் பாறைச் சரிவில் அவ்வீடு நிற்கிறது. கீழே மத்தியதரைக் கடல்.

வீட்டின் சுவர்களில் ஆட்சி செய்வது வெண்மையே. இது வண்ணம் தேர்ந்தெடுக்கத் தெரியாதவரின் வெண்மை அன்று. கடலோரத்தில் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை; நீரில் பட்டுத் தெறித்துக் கீழிருந்தும் அறைக்குள் ஏறுகிறது. வெள்ளைச் சுவர் காலையில் ஒரு நிறம், உச்சிப் பொழுதில் ஒரு நிறம், மாலையில் வேறொரு நிறம் காட்டும். சுவருக்கு வண்ணம் பூசும் வேலையைக் கதிரவனிடமே ஒப்படைத்துவிட்டார் கிரே எனலாம். தவிரவும், சாளரத்தைத் திறந்தால் நீலம் முழுவதும் அங்கே இருக்கிறது. அதனோடு சுவர் போட்டியிட்டால் இரண்டில் ஒன்று தோற்கத்தான் வேண்டும்.

இத்தகைய வெண்மை அலுப்புத் தட்டாதா என்று கேட்கலாம். அதற்காகவே அவர் அழுத்தமான வண்ணங்களைச் சிறு அளவில், எண்ணி எண்ணி வைத்தார். தரையில் கடல்நீலக் கம்பளம். கப்பல் மேல்தளத்தின் சாய்வு நாற்காலியை நினைவூட்டும் கருந்தோல் இருக்கை. சுவரில் ஒரு பெரிய கடற்பயண வரைபடம். பளபளக்கும் உலோகக் குழாயாலும் கண்ணாடியாலும் ஆன சிறு மேசை. அம்மேசையின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்; கட்டிலுக்கு அருகே இழுத்துப் படுக்கையில் அமர்ந்தபடியே காலைச் சிற்றுண்டி உண்ணலாம். இன்று உலகெங்கும் அதன் படிகள் விற்கப்படுகின்றன. வாயிலருகே மெதுவாக நுழையுங்கள் என்னும் பொருள்படப் பிரெஞ்சு மொழியில் எழுதியும் வைத்தார். அந்த வேடிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு பண்பில் ஒத்திருப்பதை நோக்குக. அவை எடுத்து மாற்றத்தக்கவை. கம்பளத்தைச் சுருட்டலாம், நாற்காலியை நகர்த்தலாம். கடற்கரை வெயிலில் அடர்ந்த சாயம் வெளுத்துவிடும். உப்புக் காற்றில் உலோகம் துருவேறும். ஆகவே அழியக்கூடிய அழுத்த வண்ணத்தைப் பொருள்களுக்குக் கொடுத்து, நிலைத்து நிற்க வேண்டிய சுவரை அமைதியாக விட்டது செலவுக் கணக்கிலும் அறிவுடைமையே.

இனித்தான் வழக்கு வருகிறது. கிரே அவ்வீட்டைவிட்டு விலகி, அருகிலுள்ள கஸ்தெல்லார் என்னும் இடத்தில் தமக்கென வேறு வீடு கட்டிக்கொண்டார். அதன்பின் 1938, 1939 ஆண்டுகளில் பதோவிச்சியின் விருந்தினராக வந்து தங்கிய லெ கார்புசியே, வெள்ளைச் சுவர்களில் பெரிய வண்ண ஓவியங்களை எழுதினார். ஆம், பிற்காலத்தில் நம் சண்டிகர் நகருக்குத் திட்டம் வகுத்த அதே மேதைதான். வீட்டுக்காரரின் இசைவு இருந்தது. வீட்டை உருவாக்கியவரின் இசைவை யாரும் கேட்கவில்லை. செய்தியறிந்த கிரே, தம் படைப்பு சிதைக்கப்பட்டதாகவே கருதினார்.

எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ஓவியங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்றார். நன்றாகவே இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைத் தனியே ஒரு கூடத்தில் கண்டால் நானும் வியந்து நிற்பேன். ஆனால் அங்கே சுவர் வெறுமையாக இருந்தது என்று அவர் எண்ணியதே பிழை. அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஒரு பெண்ணின் தேர்வைக் காலியிடம் என்று கொள்ளும் பழக்கம் கட்டடக் கலைக்கு மட்டும் உரியதன்று. அதை விரித்தால் இக்கட்டுரை நீண்டுவிடும்.

லெ கார்புசியே அவ்விடத்தை விட்டு அகலவும் இல்லை. வீட்டுக்கு மிக அருகிலேயே மரத்தால் ஒரு சிறு குடில் அமைத்துக்கொண்டார். 1965 ஆகஸ்டில் அதே கடலில் நீந்தும்போது உயிர் நீத்தார். கிரேயோ மறக்கப்பட்டவராய்ப் பல்லாண்டு வாழ்ந்தார். 1968-இல் இத்தாலிய இதழொன்றில் ஜோசப் ரிக்வெர்ட் எழுதிய கட்டுரைதான் அவரை மீண்டும் பேச வைத்தது. 1976-இல், 98-ஆம் வயதில், அவர் பாரிசில் காலமானார்.

போர்க்காலத்தில் படைவீரர்களாலும் பின்னர்ப் பராமரிப்பின்மையாலும் சீர்குலைந்த அவ்வீட்டைப் பிரெஞ்சுக் கடற்கரைப் பாதுகாப்பு அமைப்பு 1999-இல் வாங்கியது. 2015-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தனர். 2021-இல் புதுப்பிக்கும் பணி நிறைவுற்றது. இன்று அங்கே செல்வோர் காணும் நாற்காலிகளும் கம்பளங்களும் பெரும்பாலும் பழையவற்றைப் பார்த்துப் புதிதாகச் செய்து வைக்கப்பட்டவை. சுவரில் இருப்பவை லெ கார்புசியேயின் ஓவியங்களே.