புறப்படும் முன்

அன்புள்ள மருமகனுக்கு,

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதாக உன் உம்மா சொன்னாள். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். கிளம்புமுன், நபியவர்களும் தோழர்களும் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தின் வரலாற்றை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடு. அந்தப் பயணமும் உன் பயணமும் ஒன்றல்ல. ஈமானுக்காகத் துன்பப்பட்டு அவர்கள் ஊரை விட்டார்கள். நீ பிழைப்புக்காகப் போகிறாய். ஆனாலும் ஊரை விட்டுப் போகிறவர் எப்படிப் போக வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

குகை வாசலில் சிலந்தி வலை பின்னிய கதையை மதரஸாவில் கேட்டிருப்பாய். நான் சொல்ல வருவது அதற்கு முன்னால் நடந்த ஏற்பாடுகளை. நபித்தோழர் அபூபக்ர் (ரலி) இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதமாகத் தீனி போட்டுத் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோது, விலைக்குத்தான் வாங்குவேன் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). 622-ஆம் ஆண்டு அது. மதீனா இருப்பது மக்காவுக்கு வடக்கே. இருவரும் போனதோ தெற்கே, ஸவ்ர் மலைக் குகைக்கு. மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ் பகலில் மக்காவில் காது கொடுத்துக் கேட்ட செய்திகளை இரவில் கொண்டுவந்து சொல்வார்; விடியுமுன் ஊர் திரும்பிவிடுவார். அபூபக்ரின் ஆடுகளை மேய்த்த ஆமிர் இப்னு ஃபுஹைரா அவற்றை அந்தப் பக்கம் ஓட்டி வந்து பால் கொடுப்பார். அபூபக்ரின் மகள் அஸ்மா (ரலி) தன் இடுப்புத் துணியைக் கிழித்து உணவு மூட்டையைக் கட்டினார். வழிகாட்டிக்குக் கூலி பேசி அமர்த்தினார்கள். அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்ற அவர் முஸ்லிம் அல்லர். பாதை தெரிந்தவர், வாக்குத் தவறாதவர் என்பதால் ஒட்டகங்களையே அவர் கையில் ஒப்படைத்தார்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் குகை வாசலில் தேடி வந்த எதிரிகளின் கால்கள் தெரிந்தன. அபூபக்ர் கலங்கினார். கவலைப்படாதீர், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று நபியவர்கள் தேற்றினார்கள். தவக்குல், அதாவது அல்லாஹ்வையே நம்பியிருக்கிறேன், என்று சொல்லிச் சோம்பிக் கிடப்பவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு மாதத் தீனிதான் நினைவுக்கு வருகிறது.

என் மனத்தை அதிகம் உலுக்குவது வேறொன்று. நபியவர்களைப் பொய்யர் என்று தூற்றிய அதே மக்காவாசிகள் தங்கள் பொருள்களை அவர்களிடமே அமானிதமாக, பத்திரமாக வைத்திருக்கும்படி நம்பிக் கொடுத்து வைத்திருந்தார்கள். கொல்லத் திட்டமிட்ட ஊர்தானே, போகிற போக்கில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். தோழர் ஸுஹைப் (ரலி) தன் செல்வம் முழுவதையும் மக்காவின் குறைஷிகளிடம் விட்டுக்கொடுத்துத்தான் வெளியேற முடிந்தது. ஆயினும் நபியவர்கள் அலீயை (ரலி) ஊரில் நிறுத்தினார்கள். நபியவர்கள் புறப்பட்ட இரவில் அவர்களின் படுக்கையில் உயிரைப் பணயம் வைத்துப் படுத்த அந்த இளைஞர், மூன்று நாள் மக்காவில் தங்கி அவரவர் பொருளை அவரவரிடம் சேர்த்தார். பிறகே மதீனாவை ஒட்டிய குபாவுக்கு வந்து சேர்ந்தார். எதிரி அநியாயம் செய்தாலும் அவனுடைய அமானிதம் அமானிதம்தான்.

போன இடத்தில் ஊர் நினைவு வந்தால் வெட்கப்படாதே. மதீனாவில் காய்ச்சலில் படுத்த தோழர் பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கே வளரும் புல்லையும் எண்ணி ஏங்கினார். நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை; மக்காவைப் போல மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆ செய்தார்கள்.

மக்காவை விட்டு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபையும் (ரலி) மறந்துவிடாதே. மதீனாவைச் சேர்ந்த அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஃ தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டவர் இவர். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தன் காலில் நின்றார்.

அந்த அமானிதப் பாடத்தை மனத்தில் வைத்து, நீ பெட்டி கட்டுமுன் ஒரு தாளை எடுத்து, யாரிடம் என்ன வாங்கியிருக்கிறாய் என்று எழுது. மளிகைக் கடை பாக்கி, கூட்டாளியிடம் வாங்கிய கைமாற்று, எதையும் விடாதே. முடிந்ததை இப்போதே கொடு. முடியாததை உன் வாப்பாவிடம் சொல்லி, யார் எப்போது கொடுப்பது என்று முடிவு செய். உன் பேச்சால் மனம் நொந்தவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேள். அதற்கப்புறம் விமானம் ஏறு.

அன்புடன்,
மாமா