தளர்நடைக் குழந்தையும் ஜொகூர் மலைகளும்

மலை என்றவுடன் கேமரன் மலையின் குளிரை மனத்தில் கற்பித்துக்கொண்டு, பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையும் குல்லாயும் மாட்டிப் புறப்படும் குடும்பங்களை நம் ஜொகூரில் இன்றும் காணலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை உஷ்ணம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி 510 மீட்டர் உயரமுள்ள குளுவாங் லம்பாக் மலையின் உச்சியில் குறைவது மூன்று பாகையே. காட்டினுள் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதும் இல்லை.

உயரம் குழந்தைக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும் என்று அஞ்சும் பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை: அத்தகைய உபாதை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும், நம் மாநிலத்தின் மிக உயர்ந்த லேடாங் மலையோ 1,276 மீட்டர்தான்.

உண்மையில் அஞ்சத்தக்கது வேறு. முதுகுப்பையில் அமர்ந்து வருகிற குழந்தைக்குப் பிரயாசை ஏது என்ற எண்ணமே எல்லா நம்பிக்கைகளிலும் அபாயமானது என்பது என் அபிப்பிராயம். எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகுதியான தோற்பரப்பை உடைய அச்சிறு தேகம் வெளியுஷ்ணத்தை விரைவில் ஏற்றுக்கொள்வதோடு, ஏறிக் களைத்துக் கொதிக்கும் தந்தையின் முதுகோடு ஒட்டி, காற்றை மறைக்கும் துணிக்கூரையின் கீழ் மணிக்கணக்காகச் சிறைப்பட்டும் இருக்கிறது. தாகம் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. முகம் சிவந்து தலை சாய்ந்தால், 'பாவம், அசந்து தூங்குகிறது' என்று தாய் மகிழ்வாள். ஆனால் எழுப்பினால் தெளிவாக விழிக்காமல் துவண்டு விழுவதும், நெடுநேரம் சிறுநீர் கழியாதிருப்பதும் உறக்கத்தின் லட்சணங்கள் அல்ல. உடனே நிழலில் இறக்கி, ஆடை தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விழிப்போடு இருந்தால் சிறுகச் சிறுகப் பருகத் தந்து, தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

அருவிநீர் பரிசுத்தமானது என்பதும் பழைய நம்பிக்கை. 1854இல் லேடாங் மலையேறிய இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ், தாகம் தாளாமல் குடுவைச் செடிகளில் பூச்சிகளோடு தேங்கிய நீரையே பருகினார். அவர் துணிவு பாராட்டத்தக்கதாயினும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்மாதிரி அன்று. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலின் கிருமி தெளிந்த ஓடையிலும் இருக்கும். சிறு சிராய்ப்பின் வழியாகவும் உட்புகும். மேலும், அடிவாரத்தில் வானம் நீலமாயிருக்க, மேலே பெய்த மழை திடீரெனப் பெருக்கெடுத்து வருவதும் உண்டு. 2001 டிசம்பரில் வாமெய் சூறாவளி ஜொகூரைத் தாக்கியபோது, பூலாய் மலைச்சரிவில் ஐவர் மாண்டனர். பிற்பகல் இடிமழைக்கு முன் கீழிறங்கிவிடுவதாகக் கணக்கிட்டு விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குவதும், உச்சியை எட்டாமல் திரும்ப நாணாதிருப்பதும் ஆகவே அவசியமாகின்றன.

அட்டைக்குத் தீக்குச்சி காட்டுவதோ உப்பு கொட்டுவதோ சிறந்த உபாயம் என்பாரும் உளர். அவ்வாறு வருத்தினால் அது வயிற்றிலுள்ளதைக் காயத்திலேயே கக்கக்கூடும். வாயின் அருகே நகத்தைச் செலுத்தி மெல்ல நெம்பினால் போதும். இரத்தம் உறையாதிருக்க அது ஒரு திரவத்தைச் செலுத்திவிடுவதால் சிறிது நேரம் கசிவு நீடிக்கும். கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அதற்குள் தாய் எழுப்பும் கூச்சலால்தான் பெரும்பாலும் பிள்ளை அழத் தொடங்குகிறது.