பாரோலேண்டுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கிளாஸ்கோவில் அறை கிடைத்து, குளிருக்குக் கோட்டும் வாங்கிவிட்டாய் என்று அண்ணி சொன்னார். பாரோலேண்ட் பால்ரூமில் ஒரு ராக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாயாமே! தனியாக அனுப்பலாமா என்று உன் அப்பா என்னிடம் யோசனை கேட்டார். கட்டாயம் போகட்டும் என்றேன். அந்த ஊரில் படித்த காலத்தில் அந்தக் கூடத்தில் நின்று இசை கேட்டவன் நான். சபா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டே வளர்ந்த உனக்கு அங்கே பலதும் புதிதாக இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள். அது கச்சேரி கேட்பதற்காகக் கட்டிய இடமில்லை. ஜோடி ஜோடியாக ஆடுவதற்காகக் கட்டியது. அங்கே நீ பார்க்கப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில், கேலோகேட் சாலையில், தெருவியாபாரிகளுக்குத் தள்ளுவண்டிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர் மேகி மெக்ஐவர். அவரும் அவர் கணவரும் சேர்த்த வண்டிகளைச் சுற்றி வளர்ந்ததுதான் ‘பாராஸ்’ சந்தை. தள்ளுவண்டிக்கு அந்த ஊர்ப் பேச்சில் பாரா என்று பெயர். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குத் தன் வியாபாரிகளுக்கு விருந்தும் நடனமும் வைப்பாராம். ஒரு வருடம் வழக்கமான மண்டபம் கிடைக்கவில்லை. நாமே ஒன்று கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார் என்பது அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. 1934இல், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சந்தைக்கு மேல்மாடியில் கூடம் திறந்தது. 1958இல் தீயில் எரிந்து போனது. திரும்பக் கட்டி, 1960இல் அதே டிசம்பர் 24ஆம் தேதி மறுபடியும் திறந்தார்கள். நீ ஏறப்போகும் படிகள் அந்த இரண்டாவது கட்டடத்தினுடையவை.

கப்பல் கட்டும் தளத்திலும் ஆலையிலும் வாரம் முழுக்க உழைத்த ஊர் அது. வார இறுதியில் அந்த ஜனங்கள் ஆடித் தீர்த்தார்கள். பிறகு அந்த மோகம் வடிந்து, நகரத்தின் நடனக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. பாரோலேண்டும் ஓய்ந்துதான் கிடந்தது. 1983இல் சிம்பிள் மைண்ட்ஸ் என்ற உள்ளூர்க் குழு, ‘வாட்டர்ஃபிரண்ட்’ பாடலுக்கு வீடியோ எடுக்க அதைத் தேர்ந்தெடுத்தது. ராக் கச்சேரிக் கூடமாக அதற்கு மறுவாழ்வு வந்தது அதிலிருந்துதான். இரண்டே வருடத்தில், 1985இல், ஊரின் பெரிய ராக் அரங்கமான அப்பல்லோ மூடியபோது, கிளாஸ்கோ ரசிகர்களுக்குப் போக இடம் தயாராக இருந்தது.

இனி உன் கச்சேரிக்கு வருவோம். டிக்கெட்டில் ஏழு மணி என்று போட்டிருந்தால் அது கதவு திறக்கும் நேரம். முக்கியக் குழு மேடையேற ஒன்பதுகூட ஆகலாம். நடுவில் இன்னொரு குழு, சில நாள் இரண்டு குழுக்கள், வாசிக்கும். பலர் அந்த நேரத்தில் எதிரே உள்ள மதுக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, நட்சத்திரக் குழு வரும்போதுதான் உள்ளே நுழைவார்கள். நீ அப்படிச் செய்யாதே. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். முன்னால் வாசிக்கும் குழுவுக்குக் கிடைக்கும் பணம் சொற்பம். பாதி காலியான கூடத்தில், தங்களைப் பார்க்க வராதவர்கள் முன்னால், அரை மணி நேரத்தில் தங்களை நிரூபிக்க வேண்டும். நாளைக்குப் பெரிதாக வரப்போகிறவர்கள் இவர்களில்தான் இருக்கிறார்கள். அதே ஊரில் கிங் டட்ஸ் என்று முந்நூறு பேர் நிற்கக்கூடிய சின்ன இடம் ஒன்று இருக்கிறது. 1993இல் அங்கே, முக்கிய நிகழ்ச்சிக்கு முன்னால் வாசித்த பேர் தெரியாத ஒயாசிஸ் குழுவை, சீக்கிரம் வந்துவிட்ட ஆலன் மெகீ கேட்டார். கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர் அவர். அந்த இரவே ஒப்பந்தம் பேசிவிட்டார்.

கிளாஸ்கோ கிராஸ் மணிக்கூண்டிலிருந்து கேலோகேட் வழியாக நடந்தே போய்விடலாம். தூரத்திலேயே நியான் பலகை தெரியும்: கட்டடத்தின் முகப்பு முழுக்க எழுத்தும் நட்சத்திரங்களும். உள்ளே படியேறும்போது நினைத்துப் பார்: ஒவ்வொரு குழுவின் ஆம்ப்ளிஃபயரும் டிரம்ஸ் பெட்டியும் அந்த மாடிக்கு ஏறியாக வேண்டும். இசைக்கலைஞர்களோடு ஊர் ஊராகப் போகும் சுமைதூக்கும் பணியாளர்கள் அந்தக் கூடத்தை மறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடத்துக்குள் போனதும் கூரையைப் பார்; தாழ்ந்து, வளைந்து இருக்கும். பிறகு தரையைப் பார். பலகைக்கு அடியில் காற்றுக்கு இடம் விட்டு, குறுக்குச் சட்டங்கள் மேல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்படி போட்ட மரத்தரை அது. இரவு முழுக்க ஆடினாலும் முழங்கால் வலிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இன்றைக்கு அதன் பலன் வேறு விதமாகக் கிடைக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முதல் அடியில் ஆயிரத்தைந்நூறு பேர் ஒன்றாகக் குதிக்கும்போது, நீ சும்மா நின்றாலும் குதிகாலுக்குக் கீழே பலகை இறங்கி ஏறும். பேஸ் டிரம்மின் அடி காதுக்கு வருமுன் கால் வழியாக ஏறிவிட்டதோ என்று தோன்றும். மேடையில் இருப்பவர்களுக்கும் அது தெரிகிறது. கூட்டம் துள்ளினால் அவர்கள் வேகம் கூடும்; அவர்கள் கூட்டினால் கூட்டம் இன்னும் துள்ளும். பாரோலேண்டில் வாசிப்பது தனி அனுபவம் என்று இத்தனை கலைஞர்கள் சொல்வதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் காரணம் என்பது என் முடிவு. ஏறத்தாழ 1,900 பேர் கொள்ளும் கூடம். கடைசி வரிசையில் நிற்பவரின் குரலும் மேடைக்குக் கேட்கும். இருபதாயிரம் பேர் அமரும் அரங்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு நான் இனி காசு கொடுக்க மாட்டேன்.

ஆடுவதற்கான தரை என்பதால் சரிவு கிடையாது. உன் உயரத்துக்கு நடுவில் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். பக்கவாட்டில் கொஞ்சம் உயர்ந்த பகுதிகள் உண்டு. சீக்கிரம் போனால் அங்கே இடம் பிடிக்கலாம். ஒலி நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நில். ஒலிப்பொறியாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவருக்குக் கேட்பதுதான் உனக்கும் கேட்கும். சமதரையில் போனை உயர்த்திப் பிடித்தால் பின்னால் இருப்பவருக்கு மேடையே மறைந்துவிடும். ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே வைத்துவிடு.

காதை மட்டும் அலட்சியம் செய்யாதே. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். ராக் கச்சேரி அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். இழந்த செவித்திறன் திரும்பி வராது. பஞ்சு போன்ற மலிவான அடைப்பான் பாட்டை மூடிப் போர்த்திவிடும். இசைக்கலைஞர்கள் போடும் வகையை வாங்கு. அது எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைப்பதால் சொல்லும் தாளமும் தெளிவாகவே கேட்கும்.

முன்வரிசையில் நெரிசல் கூடினால் கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள். மூச்சுவிட இடம் இருக்கும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதே. வெளியே வர எதிர்த்துத் தள்ளாமல் குறுக்காக ஓரத்துக்கு நகரு. யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவார்கள். நீயும் தூக்கிவிடு. முன்பின் தெரியாதவர் தோளில் கை போட்டுப் பாடினால் மிரளாதே. அந்த ஊர்ச் சனங்களின் சுபாவம் அது. பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் சொல், விலகிக்கொள்வார்கள். பீர் மேலே சிந்தும். நல்ல கோட்டைப் பொருள் வைக்கும் அறையில் கொடுத்துவிட்டுப் போ.

இன்னொரு நாள், பகலில், அந்தப் பக்கம் மறுபடி போய்வா. பக்கத்துப் பூங்காவில் ஜிம் லாம்பி என்ற சிற்பி 2014இல் அமைத்த நூறு மீட்டர் நடைபாதை இருக்கிறது. இசைத்தட்டு உறைகளின் முதுகுகளை அடுக்கியதுபோல் வண்ணப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் பாரோலேண்டில் பாடியவரின் பெயரும் தேதியும். பெரிய பெயர்களோடு யாரும் மறந்துபோன பெயர்களும் அங்கே சரிசமமாகக் கிடக்கின்றன.

பிரிட்டனில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 சிறு இசைக்கூடங்கள் கைவிட்டுப் போயின என்று, அவற்றுக்காகப் போராடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொல்கிறது. பாரோலேண்டுக்கு ஏறிவரும் குழுக்கள் பழகி வருவது அந்தச் சின்ன இடங்களில்தான். ஆகவே பெரிய பெயருக்கு ஒரு டிக்கெட் எடுத்தால், பெயர் தெரியாத குழுவுக்கும் ஒன்று எடு. கிங் டட்ஸ் உன் நடை தூரத்தில்தான் இருக்கிறது.

போய்வந்ததும் எனக்கு எழுது. முக்கியக் குழு எப்படி வாசித்தது என்பதை நான் எங்கேயாவது படித்துக்கொள்வேன். முதலில் வாசித்தவர்கள் யார், எப்படி இருந்தார்கள் என்று நீ எழுது.

அன்புடன்,
சித்தப்பா