ஒன்பதாம் மாதத்து மஞ்சள் பூ

அன்புள்ள யாழினிக்கு,

வசந்தத்தில் எத்தனையோ பூக்கள் பூக்கும்போது, எல்லாம் உதிர்ந்த பிறகு வருகிற சாமந்தியைச் சீனர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். குளிரை எதிர்த்து நிற்பதால் அது துணிவின் அடையாளம் என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அந்த விடை போதவில்லை.

முதலில் செடியைப் பார். நம் பூக்கடைகளில் முழம் போட்டு விற்கும் சாமந்தியின் சொந்தம்தான் அது. குளிருக்கும் அதன் மொட்டுக்கும் பெரிய தொடர்பில்லை. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். அதனால்தான் பூப்பதைத் தள்ளிப்போட நினைக்கும் விவசாயிகள் ராத்திரியில் தோட்டத்தில் விளக்கு எரிய விடுகிறார்கள். சீனாவில் இரவு அப்படி நீளும் காலம் இலையுதிர் காலம். உறைபனி தொடங்கி மற்றச் செடிகள் ஓய்ந்துபோன நேரத்தில் இது மட்டும் மஞ்சளாய் நிற்கும். செடி தன் கணக்கில் சரியான நேரத்துக்குத்தான் வருகிறது. துணிவு, பிடிவாதம், தனிமை எல்லாம் பார்த்த மனிதர்கள் ஏற்றி வைத்தவை. யார் எதை ஏற்றினார்கள் என்பதில்தான் சுவையே இருக்கிறது.

சீனச் சந்திர நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சோங்யாங் திருநாள். பெரும்பாலும் அக்டோபரில் வரும். அதன் கதை இது: ஹுவான் ஜிங் என்பவனிடம் அவன் குரு ஃபெய் சாங்ஃபாங், "ஒன்பதாம் நாள் உன் வீட்டுக்குப் பெருங்கேடு வரும். குடும்பத்தோடு மலையேறிப் போ. கையில் மூலிகைப் பை கட்டிக்கொள். சாமந்தி மது அருந்து" என்று எச்சரித்தார். அவனும் போனான். மாலையில் திரும்பி வந்தால் கோழி, ஆடு, மாடு எல்லாம் செத்துக் கிடந்தன. வீட்டாருக்கு வந்த கேட்டை அவை வாங்கிக்கொண்டன என்றார் குரு. பாவம், அந்த ஆடுமாடுகளை யாரும் எச்சரிக்கவில்லை! அன்றைக்கு மலையேறுவதும் சாமந்தி மது அருந்துவதும் இப்படித்தான் வந்ததாகச் சொல்வார்கள். நீண்ட ஆயுளுக்கு இந்தப் பூ என்ற நம்பிக்கையும் பழையது. மூன்றாம் நூற்றாண்டில் வெய் அரசர் சாவ் பி, முதியவரான ஜோங் யாவுக்கு அந்தத் திருநாளில் ஒரு கடிதமும் ஒரு கொத்துச் சாமந்தியும் அனுப்பினார். இன்றைய சீனச் சட்டத்தில் அந்த நாள் முதியோர் நாள்.

ஆனால் சாமந்தி என்றதும் சீனர் நினைவுக்கு வரும் ஆள் தாவோ யுவான்மிங் (365-427). பெங்ஜெ என்ற ஊரில் சிறிய அதிகாரி. மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருகிறார், உடையைத் திருத்திக்கொண்டு போய் வணங்குங்கள் என்றார்கள். ஐந்து படி அரிசிச் சம்பளத்துக்காக இடுப்பை வளைக்க மாட்டேன் என்று 405இல் வேலையை விட்டுவிட்டார். பதவியில் இருந்தது மூன்று மாதம்கூட இல்லை. பிறகு லூஷான் மலையடிவாரத்தில் உழுதார், வேலியோரச் சாமந்தியைப் பாடினார், வறுமையிலும் உழன்றார். ஒரு சோங்யாங் நாளில் மது வாங்கக் காசில்லாமல் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, வட்டார ஆளுநர் ஆள் மூலம் மது அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. அவரால் சாமந்தி துறவியின் பூவானது. பதினோராம் நூற்றாண்டு அறிஞர் ஜோ துன்யி, பூக்களில் இது ஒதுங்கி வாழ்பவர் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பிடித்த பூ தாமரை.

ஒதுங்குபவரின் பூ என்று முடிவு கட்டிவிடாதே. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுவாங் ச்சாவ் என்று ஒருவன் இருந்தான். உப்பு வணிகக் குடும்பம். அரசுத் தேர்வில் தோற்றவன். இலையுதிர் காலம் வரட்டும், என் பூ மலரும்போது மற்றப் பூக்கள் எல்லாம் மடியும் என்ற பொருளில் அவன் பெயரில் ஒரு கவிதை வழங்குகிறது. அதில் மஞ்சள் இதழ்கள் படைவீரரின் பொற்கவசம். வெறும் கவிதையோடு நிற்கவில்லை. பெரும்படை திரட்டித் தாங் பேரரசின் தலைநகர் சாங்ஆனைப் பிடித்து, 881இல் தன்னையே பேரரசன் என்று அறிவித்தான். 884இல் தோற்று மாண்டான். ஜாங் யீமோ 2006இல் எடுத்த அரண்மனைச் சதிப் படத்தின் சீனத் தலைப்பு அந்தக் கவிதையிலிருந்து எடுத்ததுதான். தாமதமாய்ப் பூப்பது அவனுக்குப் பொறுமையல்ல, மிரட்டல்.

இன்னொரு கதை, எனக்கு மிகவும் பிடித்தது. கவிஞர் சூ ஷி, அமைச்சர் வாங் அன்ஷியின் மேசையில் பாதி எழுதிய கவிதையைப் பார்க்கிறார். காற்றில் சாமந்தி இதழ்கள் தரையெல்லாம் பொன்னாய்ச் சிதறியதாக எழுதியிருந்தது. சாமந்தி காம்பிலேயே வாடுமே தவிர உதிராதே என்று கிண்டலாய் இரண்டு வரி சேர்த்துவிட்டுப் போகிறார். கடுப்பான அமைச்சர் அவரை ஹுவாங்ஜோவுக்கு மாற்றிவிடுகிறார். அங்கே சோங்யாங் கழிந்து, காற்று ஓய்ந்த ஒரு நாள் தோட்டத்துக்குப் போனால், தரையெல்லாம் மஞ்சள் இதழ்கள்! ஃபெங் மெங்லோங் 1624இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இது வருகிறது. வரலாறு வேறு: அரசின் கொள்கைகளைக் குத்திக்காட்டிய கவிதைகளுக்காகத்தான் சூ ஷி 1080இல் ஹுவாங்ஜோ போய்ச் சேர்ந்தார். அப்போது வாங் அன்ஷி பதவியிலேயே இல்லை.

துறவிக்கும் கலகக்காரனுக்கும் ஒரே பூ பொருந்தியதால்தான் அது இவ்வளவு காலம் நிலைத்தது என்பது என் எண்ணம். அடுத்தமுறை ஏதாவது சீன ஓவியத்தில் இந்தப் பூவைப் பார்க்கும்போது, யாருடைய சாமந்தி அது என்று கேட்டுப் பார்.

ஒன்று மறந்துவிடாதே. மஞ்சள், வெள்ளைச் சாமந்தியை இன்று சீனர்கள் இறந்தோருக்கு அஞ்சலியாக வைக்கிறார்கள். சீனத் தோழி வீட்டுக்குப் போனால் அந்தக் கொத்தை மட்டும் கொண்டுபோகாதே. சாமந்தித் தேநீர் தந்தால் தயங்காமல் குடி.

அன்புடன்,
மாமா